குடும்பத்துடன் வருபவர்களுக்கு மட்டும்

வில்லிவாக்கம், சென்னை
16.6.2025

அன்புள்ள மச்சானுக்கு,

முத்துக்கண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அக்கா, சினேகா மூவரும் சுகம். அங்கே நீங்களும் இருளாண்டி மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியதா?

கையால் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ, விரல் வலிக்கிறது. "போன்ல பேசுனா ரெக்கார்டு பண்ணி வக்கீல்கிட்டக் குடுத்துர்றீக, இனிமே எதுவா இருந்தாலும் தபால்ல எழுது" என்று கோர்ட் வாசலில் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தப் பதிவைச் செய்தது அக்கா, நான் இல்லை. ஆனாலும் எனக்கு உறைத்தது. அதனால் தபால்.

கோர்ட் உத்தரவை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், பின்னால் பேச்சு வரக் கூடாது. மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ஏதாவது ஒரு பொதுப் பூங்காவில், தாய்மாமன் நான் கூடவே இருக்க, நீங்கள் சினேகாவைப் பார்க்கலாம். குழந்தையோடு பூங்கா வாசலைத் தாண்டக் கூடாது. இந்தக் கடைசி வரியை அக்காதான் கேட்டு வாங்கினாள். பொங்கலின்போது அவளுக்குச் சொல்லாமல் சினேகாவை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய், நாலு நாள் போனை அணைத்து வைத்தீர்களே, அதை அவள் மறக்கவில்லை.

பூங்காக்களை நானே பட்டியல் போட்டேன். கிண்டி சிறுவர் பூங்காவில் மான் இருக்கிறது. செம்மொழிப் பூங்காவில் நிழல் அதிகம். சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் படகு. அண்ணா நகரில் கோபுரம். எங்கள் வீட்டுக்குப் பின்தெருவிலேயே ஒரு சின்னப் பூங்கா உண்டு, வாசலில் 'குடும்பத்துடன் வருபவர்களுக்கு மட்டும் அனுமதி' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். தனியாக வரும் ஆம்பிளையை செக்யூரிட்டி உள்ளே விடுவதில்லை. அது வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். நீங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே அவள் விரும்பவில்லை. மன்னிக்கவும், உள்ளதைச் சொன்னேன்.

28ஆம் தேதி கிண்டி. வாசலில் நிற்கிறேன்.

உங்கள்
முத்துக்கண்ணன்


காரைக்குடி
1.7.2025

மாப்பிள்ளை முத்துக்கண்ணனுக்கு,

கதிரவன் எழுதுவது. நான் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, கோபம்தான் இறங்கியிருக்கிறது.

என் பிள்ளையை நான் பார்க்க மானும் மயிலும் உள்ள இடமாகத் தேடிப் பிடித்திருக்கிறாய். சந்தோஷம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மான் நின்றது, இந்தப் பக்கம் நான் நின்றேன். சினேகா உன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து என்னைக் கேட்டாள், "நீங்க எந்த பஸ்ல வந்தீங்க?" என்று. ஆறு மாதத்துக்கு முன்னால் என் முதுகில் ஏறி, "அப்பா, ஓடு" என்ற பிள்ளை, மாப்பிள்ளை. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதைக் கவனித்தேன், அதற்கு நன்றி.

அழுகை வந்தது. மின்வாரியத்தில் பதினோரு வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவன் ஒரு மான்கூண்டுக்கு முன்னால் அழுதான் என்று ஊரில் சொல்லிவிடாதே.

ஒரு விஷயம். சினேகாவுக்கு ஐந்து முடிந்து ஐந்து மாதம். தை பிறந்தால் ஆறு. இரட்டைப்படை வயதில் காது குத்துவது நம் பக்கம் வழக்கமில்லை, ஆறு தாண்டினால் ஏழுதான். அதற்குள் யார் யார் எங்கே இருப்போமோ. சிங்கம்புணரிப் பக்கம் நம் கருப்பர் கோயிலில் உன் மடியில் அவளை உட்கார்த்திக் காது குத்த வேண்டும். கோயில் என் பக்கத்தது, மடி உன் பக்கத்தது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆகாது. உன் அக்காவிடம் பேசு. நான் கேட்டதாகச் சொல்லாதே, நீயாகக் கேட்பதுபோல் கேள்.

அவளும் சுகமாக இருக்கட்டும்.

கதிரவன்


வில்லிவாக்கம்
16.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் நலமும் மாமா நலமும் அறிய ஆவல்.

செம்மொழிப் பூங்காவில் சினேகா உங்கள் தோளில் ஏறியதைப் பார்த்தபோது எனக்கு உயிர் வந்தது. நீங்கள் குதிரை மாதிரிக் கனைத்தீர்களே, பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பெரியவர் தடுமாறிவிட்டார். வீட்டுக்கு வந்து சினேகா அதே கனைப்பைக் கனைத்தாள். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காது குத்துவது பற்றி இரண்டு தரம் பேச்செடுத்தேன். 'காது' என்றதுமே எழுந்து போனாள். மூன்றாம் தரம் நின்றாள். "கோயிலுக்குப் போன பிள்ளை திரும்பி வர்றதுக்கு யாரு ஜவாப்பு? நீயா?" என்றாள். கொஞ்சம் பொறுங்கள் மச்சான். அவள் வேலைக்குச் சேர்ந்து இப்போதுதான் கால் ஊன்றியிருக்கிறாள். இந்தச் சென்னை வேலைக்கு அவள் போக வேண்டாமென்று நீங்கள் சொன்னதில்தானே எல்லாம் ஆரம்பித்தது. தீபாவளிக்குள் நானே கேட்டுச் சொல்கிறேன். அதுவரை எதையும் தொடங்கிவிடாதீர்கள்.

26ஆம் தேதி சேத்துப்பட்டு.

உங்கள்
முத்துக்கண்ணன்


காரைக்குடி
5.8.2025

மாப்பிள்ளைக்கு,

நானும் அப்பாவும் சுகம். ஆடிக் காற்றில் தினமும் நாலு இடத்தில் கம்பி அறுந்து விழுகிறது, இறங்கினால் ஏற வேண்டியிருக்கிறது.

சேத்துப்பட்டில் சினேகாவும் நானும் படகில் ஏறினோம், நீ கரையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏரிக்கு எங்கேயாவது வாசல் இருக்கிறதா, அதன் வழியாக இவன் தப்பிவிடுவானா என்று பார்த்தாயோ? மிதிபடகில் காரைக்குடி வரை மிதிக்க எனக்குக் காலில் தெம்பில்லை. சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

இறங்கும்போது சினேகா கேட்டாள், "அப்பா, நீ ஏன் நம்ம வீட்டுக்கு வர மாட்டேங்குற?" என்று. 'நீ' என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும், இரண்டு மாதம் ஓட்டிவிடுவேன்.

செப்டம்பர் 13ஆம் தேதி எந்தப் பூங்கா என்று இப்போதே சொல்லிவிடு, எனக்கு லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணா நகர் என்றால் நல்லது. அதற்கு எத்தனை வாசல்? வண்டி நிறுத்த இடம் இருக்குமா? கூட வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு மெட்ராஸ் வருகிறாராம், அவருக்காகக் கேட்கிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

கதிரவன்


வில்லிவாக்கம்
25.8.2025

மச்சான்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நாட்டரசன்கோட்டை ஒச்சம்மாள் சின்னம்மா போன வியாழக்கிழமை அக்காவுக்குப் போனில் ஒரு படம் அனுப்பினாள். "குடும்பத்தோட வந்துர்றேன்டி, சேலை என்ன கலர்ல எடுக்குற?" என்று கீழே எழுதியிருந்தாள். மஞ்சள் தடவிய காதணி விழாப் பத்திரிகை. செல்வி சினேகா. கருப்பர் கோயில். ஆவணி மாதக் கடைசிச் சனிக்கிழமை, செப்டம்பர் 13, காலை. 'தாய்மாமன் முத்துக்கண்ணன் மடியில்' என்று என் பெயர் உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு, "நீயும் கூட்டாடா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சினேகா தலையில் கை வைத்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இந்த வீட்டில் சோறு போடும்போதுகூட என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை அண்ணா நகரில் நீங்கள் நின்றிருப்பீர்கள் என்று தெரியும். தெரிந்தும் வரவில்லை. அவள் அனுப்பவில்லை.

13ஆம் தேதி உங்களுக்குச் சினேகாவைப் பார்க்கும் நாள். அன்றைக்குக் காலையில் காது குத்து என்றால், அவளை அங்கே எப்படிக் கொண்டுபோவதாக இருந்தீர்கள்? எத்தனை வாசல் என்று கேட்டீர்களே, யாருக்காக? வண்டி ஏற்பாடு செய்திருந்தீர்களா, இல்லையா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

முத்துக்கண்ணன்


காரைக்குடி
30.8.2025

மாப்பிள்ளை முத்துக்கண்ணனுக்கு,

கதிரவன் எழுதுவது. சுகம்தான், அப்படியே இருக்கட்டும்.

23ஆம் தேதி ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். பன்னிரண்டரை வரைக்கும் வாசலில் நின்றேன். சினேகா கேட்டாள் என்று காரைக்குடிச் சந்தையில் வாங்கிய சின்ன மண்சட்டி, அடுப்பு, அகப்பை எல்லாம் பையில் இருந்தது. ஒரு குழந்தை அதைப் பார்த்து, வேண்டும் என்று அழுதது. அதற்கே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பத்திரிகை அடித்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். நூறு மட்டும் அடிக்கலாம் என்றுதான் போனேன். அச்சகக்காரர் "தாய்மாமன் பேரு?" என்று கேட்டார். உன் பெயர் இல்லாமல் ஒரு காதுகுத்துப் பத்திரிகை இந்தச் சீமையில் வெளியே போகுமா? போனால் உன்னை நான் ஒதுக்கினேன் என்று பேச்சு வராதா? மரியாதைக்காகப் போட்டேன். அதுவும் பெரிய எழுத்தில் போடச் சொன்னவன் நான்தான். அது உனக்குக் கண்ணியாக முடியும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை. ஒச்சம்மாள் சின்னம்மாவுக்கு முதல் பத்திரிகை வைத்ததும் மரியாதைதான், உன் அக்காவைத் தூக்கி வளர்த்தவள் என்று வைத்தேன்.

உன் அக்காவிடம் சொல், நீ கூட்டு இல்லை என்று. வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் காட்டு. இங்கே நல்ல மழை. அப்பாவுக்குக் காலில் புண், கட்டுப் போட்டிருக்கிறது.

கதிரவன்


வில்லிவாக்கம்
6.9.2025

மச்சானுக்கு,

மாமாவின் காலை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள், சர்க்கரைக்காரருக்குப் புண் ஆகாது.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அச்சகம் வந்திருக்கிறது, மழை வந்திருக்கிறது, மண்சட்டிகூட வந்திருக்கிறது. நான் கேட்டது வரவில்லை.

வக்கீல் பத்திரிகையைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பூங்காச் சந்திப்பை அடியோடு நிறுத்தச் சொல்லி மனுப் போட்டாயிற்று. அக்டோபர் 10 விசாரணை. அதுவரை சினேகா வர மாட்டாள். 13ஆம் தேதி வீணாக வந்து நிற்காதீர்கள்.

நேற்று, "அக்கா, சாமி காரியம், யோசி" என்று ஒரு வார்த்தை சொன்னேன். கரண்டியோடு திரும்பினாள். "எம் புள்ளை அங்குட்டுப் போகாது. சாமிக்கு அம்புட்டு ஆசையா இருந்தா, சாமி பஸ்ஸு ஏறி இங்குட்டு வரட்டும்" என்றாள். சினேகா சிரித்துவிட்டாள், சாமி எந்த சீட்டில் உட்காரும் என்று கேட்டாள்.

வண்டி இருந்ததா மச்சான்?

முத்துக்கண்ணன்


காரைக்குடி
21.9.2025

மாப்பிள்ளைக்கு,

இருந்தது.

திருப்பத்தூர் முத்துவீரன் வண்டி. வெள்ளைக் கார். 13ஆம் தேதி அண்ணா நகர்ப் பூங்காவின் பின்பக்கம் நிற்கச் சொல்லியிருந்தேன். பின்வாசல் இருக்கிறதா என்பதை ஆகஸ்ட் 9ஆம் தேதி சினேகாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாய். பத்து மணிக்குச் சினேகாவை வாங்குவது, பத்தே காலுக்குக் கிளம்புவது. பத்திரிகையில் காலை என்று போட்டது சும்மா ஒப்புக்கு. சாயங்காலமானாலும் கோயிலில் ஜனம் காத்திருக்கும். நடுவழியில் உனக்குப் போன் போட்டு, "கிளம்பி வா, மடி வேணும்" என்று சொல்வதாக நினைத்திருந்தேன். நீ வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அக்காவும் பின்னாலேயே வருவாள், கோயிலில் வைத்து எல்லோரும் பேசிச் சேர்த்து வைத்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். யோசிக்கும்போது எல்லாம் அழகாக இருந்தது.

13ஆம் தேதி நான் கோயிலுக்குத்தான் போனேன். நிறுத்தியாயிற்று என்று எல்லோருக்கும் சொல்லியும் இருபது பேர் வந்துவிட்டார்கள். பிள்ளை எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அப்பா என்னிடம் ஒன்று சொன்னார். "பொங்கலுக்கு நீ புள்ளையத் தூக்கிட்டு வந்தப்ப மூணு நாளு அது 'அம்மாவுக்குப் போன் போடு'ன்னு கேட்டுச்சு. நீ டவர் இல்லைன்னு பொய் சொன்ன. நானும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். அந்தப் பாவம்டா இது" என்றார்.

அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்று நாளும் கேட்டாள், மாப்பிள்ளை. நாலாம் நாள் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்து கொண்டுவந்து விட்டேன்.

இந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்தால் எனக்குப் பூங்காவும் போய்விடும் என்று தெரியும். கொடுப்பதும் கொடுக்காததும் உன் அக்கா நாகஜோதி இஷ்டம். நீ கூட்டு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை. அவள் உன் முகத்தைப் பார்த்துச் சோறு போடட்டும்.

கதிரவன்


வில்லிவாக்கம்
12.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். மாமாவின் கால் ஆறிவிட்டதா?

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. காட்டினால் உங்களுக்குப் பிள்ளை இல்லை, காட்டாவிட்டால் எனக்கு அக்கா இல்லை. நான் ஏசி ரிப்பேர் பார்க்கிறவன், இவ்வளவு பெரிய முடிவெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. நாலாம் நாள் சாப்பிடும்போது அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கடிதம் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. மடிப்புக் கசங்கியிருந்தது. டவர் இல்லை என்று சொன்ன இடத்தில் மை கலைந்திருந்தது. "தோசை வேணுமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். ஐந்து தோசை சாப்பிட்டேன்.

விசாரணை நாளில் வக்கீல், "வண்டி இருந்துச்சுங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார். கடிதம் அவள் கைப்பையில் இருந்ததை நான் பார்த்தேன். "இல்ல சார்" என்றாள். மனு தள்ளுபடி. பழைய உத்தரவு அப்படியே தொடரும், 25ஆம் தேதி கிண்டி.

அவள் மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டோவில் வரும்போது, "இது அவருக்காக இல்ல, உண்மையைச் சொன்னதுக்காக. கேஸு நடக்கும். புள்ளை ஊருக்குப் போகாது" என்றாள்.

உங்கள்
முத்துக்கண்ணன்


காரைக்குடி
2.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். அப்பாவின் புண் ஆறி நடக்கிறார். உங்கள் மூவர் சுகமும் வேண்டுகிறேன்.

கிண்டியில் மழைக்கு நாம் மூன்று பேரும் ஒரே குடைக்குள் நின்றபோது சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சாமி பஸ் ஏறி வரட்டும் என்று உன் அக்கா சொன்னாளாம். கோபத்தில் சொன்னாள், தெரியும். ஆனால் நம் பக்கம் அதற்கு வழி இருக்கிறது. பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய், போன இடத்தில் போட்டுச் சாமியாக்கிக் கும்பிடவில்லையா? பிடிமண். அதை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

பூசாரி சோணைமுத்துவிடம் கேட்டேன். பங்காளிகள் ஏழு வீட்டாரையும் கூட்டிவிட்டார். ஒரு பொம்பளைப் பிள்ளைக்காகச் சாமியைப் பெயர்ப்பதா என்று சத்தம். கடைசியில் பூசாரி கேட்டார். "ஏப்பா கதிரவா, மண்ணு எடுத்துட்டா அது விழுந்த எடந்தான் உனக்கும் உன் வாரிசுக்கும் கோயிலு. வருசா வருசம் அங்குட்டுத்தான் போயிக் கும்புடணும். இங்குட்டு வந்து பங்கு கேக்கக் கூடாது, முதத் தேங்காய் மரியாதையும் கெடையாது. சம்மதமா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் சம்மதம் என்றேன்.

22ஆம் தேதி, கார்த்திகை பிறந்து முதல் சனி. பூங்காவில் ஏதாவது ஒரு மரத்தடி போதும், பத்து முதல் பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம். காது குத்த செல்வம் ஆசாரியைக் கூட்டி வருகிறேன். உன் மடி வேண்டும்.

ஆனால் நாகஜோதி வாயால் சம்மதம் வராமல் மண்ணைத் தொட மாட்டேன். இந்தத் தரம் பத்திரிகை இல்லை, வண்டி இல்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். தை பிறந்து ஆறு வந்தாலும் வரட்டும்.

கதிரவன்


வில்லிவாக்கம்
13.11.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதம், காரணம் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை அன்றே அக்காவிடம் கொடுத்தேன். படித்தாள். மடித்தாள். அப்புறம் பேச்சே இல்லை. எட்டு நாள். நானும் கேட்கவில்லை, இத்தனை மாதத்தில் அதையாவது கற்றுக்கொண்டேன். நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சின்ன டப்பாவை என் கையில் வைத்தாள். திறந்தால் மயில் கம்மல். சினேகா பிறந்தபோதே வாங்கி வைத்ததாம். "தாய்மாமன்தான போடணும். வெறுங்கையோட போவியா?" என்றாள்.

குத்தட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டேன், நீங்கள் சொன்னபடி. "குத்தட்டும்" என்றாள். அப்புறம், "கிண்டி, அண்ணா நகர்னு தூரமா வேண்டாம். புள்ளை அழுதா உடனே வீட்டுக்குக் கொண்டாரணும். பின்தெருப் பார்க்கு போதும்" என்றாள்.

ஆம், அந்தப் பலகை மாட்டிய பூங்காதான். அங்கே பிறந்தநாள் கேக்கைக்கூட வெட்டக் கூடாது, செக்யூரிட்டி செல்லப்பா கறாரான ஆள். சூடம், தேங்காய் எதுவும் கொண்டுவராதீர்கள். மண்ணும் தண்ணீரும் மட்டும். நாங்கள் வரும்வரை வெளியே நில்லுங்கள், தனியாக உள்ளே விடமாட்டார். பின்வாசல் கிடையாது மச்சான். நான் போய்ப் பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
முத்துக்கண்ணன்


வில்லிவாக்கம்
27.11.2025

சினேகா அப்பாவுக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதிப் பதினொரு மாதம் ஆகிறது. சினேகா சுகம். காதில் சீழ் பிடிக்கவில்லை, தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போடுகிறேன். மாமா நடக்கிறார் என்று தம்பி சொன்னான், நல்லது.

அன்றைக்கு நான் வரவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். வந்தேன். பூங்காவுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குள் நின்றிருந்தேன். போனில் போலீஸ் எண்ணை அழுத்தி, கூப்பிடும் பட்டன் மேல் விரலை வைத்திருந்தேன். இரண்டு மணி நேரமும் எடுக்கவில்லை. தெருவில் எந்த வெள்ளைக் கார் வந்தாலும் அது நிற்கிறதா என்று பார்த்தேன்.

நீங்கள் மடியில் மஞ்சள் துணி முடிச்சோடு வந்ததைப் பார்த்தேன். காரைக்குடியில் ரயில் ஏறியதிலிருந்து அதைக் கீழேயே வைக்கவில்லை என்று செல்வம் ஆசாரி தம்பியிடம் சொன்னாராம். புங்கமரத்தடியில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதைக் கம்பி வழியாகப் பார்த்தேன். சினேகா அலறியதும் செல்லப்பா ஓடி வந்தார். நான் கடை வாசல் வரை ஓடி வந்து நின்றுவிட்டேன்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. தம்பி உள்ளே குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். நீங்கள் சினேகாவைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தீர்கள். வாசலுக்கு நேராக ஒரு ஆட்டோ காலியாக நின்றது. டிரைவர் "எங்க சார் போகணும்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. தம்பி திரும்பியே பார்க்கவில்லை. என் விரல் அழுந்தத் தொடங்கிவிட்டது.

வாசல் கம்பிக்கு உள்ளே அவளை இறக்கி விட்டீர்கள். குனிந்து செருப்பு வாரை மாட்டினீர்கள். செல்லப்பா, "டைம் ஆச்சு, வெளிய போங்க சார்" என்றார். "இவ மாமன் வரட்டும்ங்க. அவன் இல்லாம நான் தாண்டக் கூடாது" என்று அவரிடம் சொன்னீர்கள். உங்களை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அப்போதுதான் போனைப் பைக்குள் போட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

கேஸ் கேஸாகவே இருக்கும். நான் காரைக்குடிக்கு வர மாட்டேன், வேலையையும் விட மாட்டேன். அந்த நாலு நாளை நான் மன்னிக்கவும் இல்லை. இதையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை தோட்டக்காரர் அந்த மரத்தைச் சுற்றிக் கொத்திப் பாத்தி கட்டிவிட்டார். சினேகா, "நம்ம சாமி மண்ணு எதும்மா?" என்று கேட்டு அழுதாள். எல்லா மண்ணும்தான் என்றேன். இப்போது பள்ளிக்கூடம் போகும்போது கம்பிக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறாள்.

அந்த மரம்தான் இனி உங்களுக்குக் கோயில் என்று எழுதியிருந்தீர்கள். வருஷா வருஷம் இங்கேதான் வந்தாக வேண்டும். தனியாக வந்தால் செல்லப்பா உள்ளே விடமாட்டார்.

டிசம்பர் 13ஆம் தேதி முத்துக்கண்ணனுக்கு வேலை இருக்கிறது. சினேகாவை நான் கூட்டி வருகிறேன். பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். நான் வந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து உள்ளே போகலாம்.

நாகஜோதி